காவலறையில் ஒரு மாரிசெல்வி

அகல்விளக்கு வீட்டுக் கடன் நிறுவனத்துக்கு என் மேல் இருக்கும் அக்கறை, என்னைப் பெற்றவளுக்குக்கூட இருந்ததில்லை. பெற்றவள் நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் போன் போடுவாள். இவர்கள் தவணைத் தேதிக்கு முன்னால் ஒரு தடவை, அன்றைக்கு ஒரு தடவை, கட்டி முடித்த பிறகு நன்றி சொல்ல ஒரு தடவை என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்காததுதான் பாக்கி.

நான் மாரிசெல்வி. ஊர் தாயில்பட்டி. பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை. என் வீட்டுக்காரர் முனியராஜ் மருந்து கலக்குகிற அறையில் இருந்தவர். கை வெந்து விரல்கள் ஒட்டிப்போனதில் இருந்து வீட்டுக்கு ஒரு சம்பளம்தான். அதற்கு முன்னால், இரண்டு சம்பளம் வந்த தெம்பில், ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டோம். அதற்காகத்தான் வீட்டுப் பத்திரத்தை அகல்விளக்கில் அடமானம் வைத்தோம். மழை பெய்தால் எங்களுக்கு வேலை கிடையாது. தீபாவளி முடிந்தால் வேலை கிடையாது. பக்கத்துக் கம்பெனியில் வெடித்தால் எங்கள் கம்பெனிக்கும் பூட்டு. தவணைக்கு மட்டும் மழையும் கிடையாது, பூட்டும் கிடையாது. எப்படியோ கட்டினேன். ஐப்பசியோடு கடைசித் தவணை முடிந்தது. பத்திரத்தை வாங்கிவந்து குலசாமி காலடியில் வைத்து எடுத்து, இனி எவன் கண்ணிலும் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று பீரோவில் சேலைகளுக்கு அடியில் இடமெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டதும் சிவகாசிக்குப் போனேன். கிளை மேனேஜர் விக்னேஷ்குமார் தங்கமான பையன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், சிரித்தார். பத்திரம் வர இன்னும் ஏழு வருஷம் ஆகும் என்றார். சொன்ன விதம், பஸ் வர இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

நான் “குடும்பக் கவசம்” எடுத்திருக்கிறேனாம். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் கடன் என் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது என்று அகல்விளக்கே யோசித்து வைத்திருக்கும் காப்பீடாம். அதற்குக் கட்ட வேண்டிய தொகையை என்னிடம் கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, அதையும் அவர்களே புதுக் கடனாக என் பேரில் போட்டு, பழைய தவணை முடிந்ததும் தொடங்குகிற மாதிரி ஏழு வருஷத் தவணையாகப் பிரித்து, அது முடிகிற வரைக்கும் என் பத்திரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டதாம். கடன் முடியப் போகிற நேரத்தில், கடன் முடியாமல் போனால் என்ன செய்வது என்று கவலைப்பட்டு ஒரு கடன். இப்படி ஒரு பாசத்தை எங்கே போய்ப் பார்ப்பது.

நான் கேட்கவே இல்லையே என்றேன். கேட்டிருக்கிறேன் என்றார். மேலிடத்து விதிப்படி, வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் அவர்கள் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்களாம். ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு எனக்குப் போன் போட்டு, விவரம் எல்லாம் சொல்லி, போனுக்கு வந்த ரகசிய எண்ணை என் வாயாலேயே சொல்லவைத்து, குரலையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்களாம்.

“உங்க பாதுகாப்புக்காகத்தான்க்கா இவ்வளவும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முனியராஜ் மேனேஜர் கொடுத்துவிட்ட கவசக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். எறும்பு ஊர்கிற எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தது: வெடிபொருள் தொழிலில் ஈடுபடுவோருக்கு இத்திட்டம் பொருந்தாது. அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒட்டிப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். வேறு என்ன செய்ய.

சிரித்து முடித்த பிறகுதான் பதினொன்றரை மணி உறைத்தது. அந்த நேரத்தில் நான் உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டு இருப்பேன். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வேனில் இருந்து இறங்கியதும் கேட்டில் பிளாஸ்டிக் கூடை இருக்கும். எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் கூடைக்குக் காவல் சங்கையா அண்ணாச்சி.

சங்கையா அண்ணாச்சிக்கு ஊர் மல்லாங்கிணறு. சொந்தக் காடு வைத்துப் பருத்தியும் சோளமும் போட்டவர். மழையை நம்பின மானம் பார்த்த பூமி அவரைப் பார்க்காமலே விட்டுவிட்டது. மகள் கல்யாணத்துக்கு வீட்டை அகல்விளக்கில் வைத்துவிட்டு, அந்தத் தவணைக்காக அறுபது வயசுக்கு மேல் எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்து காவலறையிலேயே தங்கிவிட்டார். பெஞ்சாதி வெள்ளைத்தாய் ஊரில் தனியாக இருக்கிறது. தையோடு தன் கடனும் முடிகிறது, பொங்கல் கழித்து இந்தக் காக்கிச் சட்டையைக் கழற்றி இதே ஆணியில் மாட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்று வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டு இருந்தார். ஆணியைக்கூடத் தொட்டுக் காட்டுவார்.

இந்தக் கூடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் இப்போதெல்லாம் நம்பர் சொன்னால்தான் இறக்குகிறான். நம்பர் எங்கள் போனுக்கு வரும். போன் கூடையில் கிடக்கும். சிலிண்டர் தாயில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். நாங்கள் மருந்துத் தூளோடு உள்ளே இருப்போம். இரண்டு மூன்று பேர் வீட்டுச் சிலிண்டர் திரும்பிப் போன பிறகு, அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தோம்: போன் அடித்தால் எடுங்கள், நம்பர் கேட்டால் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் அவர், நான் வாட்ச்மேன், அந்தப் பிள்ளை உள்ளே வேலையில் இருக்கிறது என்று முழுக்கதையும் சொல்லிப் பார்த்தார். கேஸ்காரனுக்குக் கதை கேட்க நேரமில்லை, போனை வைத்துவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து அவர் சுருக்கிக்கொண்டார். யோகலட்சுமிங்களா என்று கேட்டால் ஆமாம். ரோஜாவா என்றாலும் ஆமாம். மீசை வைத்துக்கொண்டு பீடி வாசத்தோடு கம்பெனிப் பெண்கள் அத்தனை பேராகவும் அவர் ஒருவரே இருந்தார். சிலிண்டர்கள் ஒழுங்காக இறங்கின.

லீவு நாளிலும் அவர் கேட்டில்தான் இருப்பார் என்று மறுநாளே போய்க் கேட்டேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு பிள்ளை மூச்சுவிடாமல் பேசியதாம். எங்கள் போன்களில் ஒன்று மாற்றி ஒன்றாக அன்றைக்குப் பூராவும் வந்ததாம்.

“ஏன் அண்ணாச்சி, கேஸ்காரன் எதுக்கு இம்புட்டு நேரம் பேசுறான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்று கத்திவிட்டேன்.

“அந்தப் பிள்ளை பேசுனதுல எனக்கு ஒண்ணும் வெளங்கல தாயி. கடைசியில நம்பர் கேட்டுச்சு. நம்பர் கேட்டா அது கேஸுதான?” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். என் போன், யோகலட்சுமி போன், ரோஜா போன், அருணாதேவி போன் என்று அகல்விளக்கில் கடன் வைத்திருந்த எல்லோர் போனும் போக, கடைசியாக அவர் போனுக்கும் அதே பிள்ளை கூப்பிட்டிருக்கிறது. தன் வீட்டுக்கும் கேஸ் வருகிறது என்று நினைத்து அதற்கும் நம்பர் சொல்லியிருக்கிறார். மல்லாங்கிணற்றில் வெள்ளைத்தாய் சிலிண்டர் கேட்டிருக்கும் என்று நினைத்தாராம்.

எங்கள் கம்பெனியில் மட்டும் ஒரு வேன் நிறையப் பேர் தலையில் கவசம் மாட்டியிருந்தது. எல்லோரும் சேர்ந்து புகார் எழுதினோம். அண்ணாச்சி பேரையும் கடைசியில் சேர்த்தோம். கடன் நிறுவனங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கிற ஆபீசில் இருந்து ஒரு அம்மா வந்து விசாரிக்கப் போவதாகத் தகவல் வந்தது. இடம் சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபம். நாள் கார்த்திகையில், நாங்கள் இன்னும் வேலைக்குத் திரும்பாத ஒரு புதன்கிழமை.

மண்டப வாசலில் அகல்விளக்கு நிறுவனம் பேனர் கட்டியிருந்தது. வாடிக்கையாளரே எங்கள் குடும்பம். பக்கத்தில் இன்னொரு பேனர். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். எண் கேட்டு எங்களுக்குப் போன் போட்டவர்களே அதைக் கட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஆளுக்கு ஒரு ரோஜாப்பூவும் கல்கண்டும் கொடுத்தார்கள். பெண் வீட்டுக்காரர்களா மாப்பிள்ளை வீட்டுக்காரர்களா என்று மட்டும் கேட்கவில்லை.

விசாரிக்க வந்த அம்மா நல்ல அம்மா. அதைச் சொல்ல வேண்டும். கல்கண்டைத் தொடவில்லை. முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சம்பவ நேரத்தில் நான் உள்ளே இருந்தேன், போன் கேட்டில் இருந்தது, நான் பேசவில்லை என்றேன். யார் எடுத்தது என்று நான் சொல்லவில்லை. அண்ணாச்சி பேரை இழுக்க வேண்டாம் என்று வேனில் வரும்போதே பேசி வைத்திருந்தோம்.

விக்னேஷ்குமார் எழுந்து, எங்களுக்குப் பெரிய மனசு மேடம், ஏழைகள் மறந்திருப்பார்கள், நாங்கள் குற்றம் சொல்லவில்லை, ஆனால் எங்களிடம் ஆதாரம் இருக்கிறது என்றார். போனை எடுத்து மண்டபத்து மைக் முன்னால் பிடித்தார். நாதஸ்வரம் கேட்கிற ஸ்பீக்கரில் என் சம்மதம் ஒலித்தது.

முதலில் அந்தப் பிள்ளையின் குரல். குடும்பக் கவசம், கூடுதல் கடன், தவணைக்காலம் என்று ரயில் மாதிரி ஓடியது. ஓடி முடித்ததும், மாரிசெல்வி மேடம், உங்களுக்குச் சம்மதம் என்றால் வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் என்றது.

அடுத்து மண்டபம் அதிர, பீடிப் புகையில் கரகரத்த ஒரு ஆம்பளைக் குரல்.

“ஆமா, மாரிசெல்விதான். நாலு, ஏழு, ஏழு, ரெண்டு. வாசல்லயே எறக்கி வச்சிட்டுப் போங்க. காலி சிலிண்டரு அடுப்படியில கெடக்கு.”

“ரொம்ப நன்றி மேடம்” என்றது அந்தப் பிள்ளை.

ரோஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பின்வரிசையில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. விக்னேஷ்குமார் கையில் இருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்து, வாடிக்கையாளர் பெண், வயது முப்பத்தாறு, குரல் சரிபார்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதே, யார் சரிபார்த்தது என்று கேட்டார். இரண்டு பேர் சரிபார்த்திருக்கிறார்கள் மேடம், அதுதான் எங்கள் நடைமுறை என்றார் விக்னேஷ்குமார். அதற்கு அந்த அம்மா, அடுத்ததைப் போடுங்கள் என்றார்.

யோகலட்சுமியும் அதே குரலில் சிலிண்டரை வாசலில் இறக்கச் சொன்னாள். அருணாதேவி, நாய் கட்டிக்கிடக்கிறது, பயப்படாமல் வாங்க என்று சேர்த்துச் சொன்னாள். ரோஜா, போன தடவை வெயிட் குறைஞ்சிருந்துச்சே என்று கண்டித்தாள். மண்டபத்தில் சிரிப்பு அடங்கவில்லை. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். வீடு கிடைத்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

சிரிப்பை நிறுத்தியவர் அந்த அம்மாதான். நிறுவனம் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை, இது தெரிகிறது, ஆனால் இத்தனை பேர் பேரிலும் பேசியது ஒரே ஆள், அது யார் என்றும் தெரிய வேண்டும் என்றார்.

விக்னேஷ்குமார் முகத்தில் விளக்கு எரிந்தது. ஆமாம் மேடம், ஆள்மாறாட்டம், நாங்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான், அந்த ஆள் யார் என்று தெரிந்தால் இன்றைக்கே போலீசில் புகார் கொடுப்போம் என்றார். கண்மூடித் திறக்கிற நேரத்தில் அகல்விளக்கு நிறுவனம் ஏழையாகி, அப்பாவியாகி, எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“இந்தக் குரல் யாருடையது? உங்களுக்குத் தெரியுமா?”

எங்களுக்குத் தெரியாத குரலா. தினமும் காலையில், போனைப் போடுங்க தாயி என்று எங்களை உள்ளே அனுப்புகிற குரல். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் அண்ணாச்சி ரோஜாப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வந்ததில் இருந்து அவர் வாயைத் திறக்கவில்லை.

“அது மாரிசெல்விங்கம்மா. அகல்விளக்குக்காரவுக ரெண்டு பேரு சரிபாத்து எழுதியிருக்காகள்ல. அவுகளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது” என்றேன்.

அந்த அம்மா தலையைக் குனிந்து எழுதினார். இந்தச் சம்மதங்கள் செல்லாது, கவசத்தையும் அதன் கடனையும் ரத்து செய்து பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு பட்டியலைப் பார்த்து, இன்னும் ஒரு பேர் இருக்கிறது, சங்கையா, மல்லாங்கிணறு, அவருடைய பதிவையும் போடுங்கள் என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சங்கையா பேரில் அந்தக் குரல் வந்தால் போதும், குரல் யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. விக்னேஷ்குமார் போனில் விரலால் தேடிக்கொண்டு இருந்தார். யோகலட்சுமி என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

அண்ணாச்சி எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து போனார். வாயைத் திறந்தால் தீர்ந்தது. அவர் கன்னத்தில் கையை வைத்து, பல்வலி என்று சைகை காட்டினார். பிறகு மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து, புகார்த்தாளில் தன் பேருக்கு நேராக நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் புகார் ஏதும் இல்லை.

அந்த அம்மா, யாராவது மிரட்டினார்களா, யோசித்துச் சொல்லுங்கள், புகாரை எடுத்துவிட்டால் உங்கள் கடன் அப்படியேதான் நிற்கும் என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணாச்சி கும்பிட்டார். தலையை ஆட்டினார். விக்னேஷ்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பதிவைத் தேடுவதை விட்டுவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார். பாருங்கள் மேடம், புரிந்துகொண்ட வாடிக்கையாளரும் இருக்கிறார் என்று அவர் தோளில் கைபோட்டு, போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

நான் எழுந்து, அது அப்படியில்லை என்று கத்தியிருப்பேன். கத்தினால் அவர் ஜெயிலுக்குப் போவார். உட்கார்ந்துகொண்டேன். என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், கையில் இருந்த கல்கண்டைக் கடித்து நொறுக்கினேன்.

பத்திரம் மார்கழியிலேயே வந்துவிட்டது. குலசாமி காலடியில் வைத்து எடுத்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அண்ணாச்சி தவணைக்கு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம் என்று வேனில் எல்லோரும் பேசி, போய்ச் சொன்னோம். அவர் கூடையை முன்னால் நகர்த்தி வைத்தார்.

“போனைப் போட்டுட்டு உள்ள போங்க. நேரமாச்சுல்ல” என்றார்.

பொங்கல் வந்தது, போனது. காக்கிச் சட்டை ஆணியில் ஏறவில்லை. அந்த ஆணியில் இப்போது ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அகல்விளக்கு நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க எங்கள் சிவகாசியிலேயே அச்சடித்தது. பளபளப்பான அட்டையில் விக்னேஷ்குமார் தோளில் கைபோட்டு நிற்க, ரோஜாப்பூவோடு அண்ணாச்சி. கீழே கொட்டை எழுத்தில்: விழிப்புள்ள வாடிக்கையாளர், வளமான எதிர்காலம். தினமும் காலையில் அண்ணாச்சி அதில் ஒரு தாளைக் கிழிக்கிறார். ஏழு வருஷத்துக்குக் கிழிக்க வேண்டும்.

நேற்று நான் போனைக் கூடையில் போடும்போது அந்த அட்டையையே முறைத்துக்கொண்டு நின்றேன். பிய்த்து எறிந்துவிடலாம் என்று கைகூடப் போய்விட்டது. அவர் பார்த்துவிட்டார்.

“இருக்கட்டும் தாயி. வெள்ளைத்தாய்க்கு ஒண்ணு குடுத்துவிட்டேன். எம் மூஞ்சியப் பாக்க ஆசையா இருக்கும்ல” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே நடந்தேன். பின்னால் கூடையில் யார் போனோ அடித்தது. நின்று காதுகொடுத்தேன். அடித்து அடித்து ஓயும் வரைக்கும் அவர் எடுக்கவே இல்லை.